போபியாவுக்கு என்னென்ன சிகிச்சை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போபியா, அதாவது ஒரு பொருளையோ சூழலையோ கண்டு வரும் கட்டுக்கடங்காத பயம், உள்ளவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கு வருவதே இல்லை. வருகிறவர்களும் வேலையோ உறவோ உடல்நலமோ கெடத் தொடங்கிய பிறகுதான் வருகிறார்கள். இத்தனைக்கும் மனநலச் சிக்கல்களிலேயே சீக்கிரம் பலன் கிடைக்கக்கூடியவற்றில் இதுவும் ஒன்று. பாதிக்கப்பட்டவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். ஆட்கள் வழிதவறிப் போவது அந்த இடங்களில்தான் என்பதால் வேண்டுமென்றே விரித்து எழுதியிருக்கிறேன்.

பல்லியைக் கண்டால் எனக்குப் பயம். இது போபியாவா, சாதாரண பயமா?

பல்லியைக் கண்டு முகம் சுளிக்காதவர்கள் குறைவு. அருவருப்பும் சின்னப் பயமும் போபியா ஆகாது. அந்தப் பயம் உங்கள் நாளை எவ்வளவு வளைக்கிறது என்று பாருங்கள். குளியலறைக்குள் கால் வைக்குமுன் நான்கு சுவரையும் பார்த்தாக வேண்டும், பல்லி தென்பட்ட அறையில் அன்றிரவு படுக்க முடியாது, யார் வீட்டுக்குக் கூப்பிட்டாலும் அந்த வீட்டுச் சுவர்தான் முதலில் நினைவுக்கு வருகிறது என்றால் அது வேறு கணக்கு.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற, மனநலச் சிக்கல்களை வகைப்படுத்தும் கையேடு சில அளவுகோல்களைச் சொல்கிறது. உண்மையான ஆபத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பயம் இருக்க வேண்டும். அந்தப் பொருளோ சூழலோ எதிர்ப்பட்டால் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் உடனே பயம் கிளம்ப வேண்டும். அதைத் தவிர்த்துக்கொண்டோ பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டோ வாழ வேண்டியிருக்க வேண்டும். வாழ்க்கையில் இடைஞ்சலோ கடும் மனவேதனையோ இருக்க வேண்டும். பொதுவாக 6 மாதமோ அதற்கு மேலோ நீடித்திருக்க வேண்டும்.

"அது என்னை ஒன்றும் செய்யாது என்று எனக்கே தெரியும், அப்படியானால் இது நோய் இல்லையே?" என்று கேட்பவர்கள் உண்டு. பெரியவர்களில் பலருக்கும் அது தெரிந்துதான் இருக்கிறது. தெரிந்தும் கை கால் வெலவெலத்துப் போகிறது. அறிவு சொல்வதை உடம்பு கேட்காத இந்த நிலைக்குத்தான் சிகிச்சை.

போபியாவில் எத்தனை வகை?

மூன்று பெரும் பிரிவுகள். ஒரு குறிப்பிட்ட பொருளையோ சூழலையோ பற்றியது முதல் வகை: நாய், பாம்பு, உயரம், இடி, ஊசி, ரத்தம், லிஃப்ட், விமானம், வாந்தி என்று பட்டியல் நீளும். இரண்டாவது சமூக அச்சம். பிறர் நம்மைப் பார்த்து எடைபோடுவார்கள், அவமானப்பட்டுவிடுவோம் என்ற பயம் அது. மூன்றாவது அகோராபோபியா. கூட்டம், பேருந்து, திறந்த வெளி, வரிசை போன்ற இடங்களில் திடீரென்று உடம்புக்கு ஏதாவது வந்தால் தப்பிக்கவோ உதவி பெறவோ முடியாதே என்ற பயம். மூன்றுக்கும் அடிப்படைச் சிகிச்சை ஒன்றுதான் என்றாலும் செய்முறை மாறும், மருந்தின் பங்கும் மாறும்.

எனக்கு மட்டும்தான் இப்படியா?

22 நாடுகளில் சுமார் 1,25,000 பேரிடம் நடந்த உலக மனநல ஆய்வின் முடிவுகள் 2017-இல் வந்தன. வாழ்நாளில் எப்போதாவது குறிப்பிட்ட பொருள் சார்ந்த போபியா இருந்தவர்கள் 7.4 சதவீதம். ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பாதிப் பேருக்கு 8 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது.

இது ஏன் வந்தது என்றே தெரியவில்லை. காரணம் தெரியாமல் சிகிச்சை எடுக்க முடியுமா?

தாராளமாக. சிலருக்கு நாய் கடித்தது போன்ற ஒரு நிகழ்ச்சி நினைவிருக்கும். சிலர் அம்மா அலறுவதைப் பார்த்து வளர்ந்திருப்பார்கள். பரம்பரைக்கும் பங்கு உண்டு. பலருக்கு எதுவுமே நினைவில் இருக்காது. காரணத்தைத் தோண்டி எடுத்தால்தான் பயம் போகும் என்று பல மாதங்கள் பேசிக்கொண்டே இருந்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த நேரத்தில் சிகிச்சையே முடிந்திருக்கும்.

பயம் எப்படித் தொடங்கியது என்பதைவிட, எது அதை இன்றுவரை தாங்கிப் பிடிக்கிறது என்பதே சிகிச்சைக்குத் தேவை. பெரும்பாலும் அந்தத் தாங்கல் தவிர்ப்பு. லிஃப்ட்டில் ஏறாமல் படிக்கட்டில் போகிறீர்கள், நெஞ்சு லேசாகிறது. அந்த ஆறுதல்தான் சிக்கல். "ஏறாததால்தான் பிழைத்தேன்" என்று மூளை குறித்துக்கொள்கிறது. ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பார்க்கும் வாய்ப்பே அதற்குக் கிடைப்பதில்லை. இப்படி ஒவ்வொரு தவிர்ப்பும் அடுத்த தவிர்ப்புக்கு வழி போடுகிறது.

அப்படியானால் முதன்மையான சிகிச்சை எது?

எக்ஸ்போஷர் தெரபி, அதாவது எதிர்கொள்ளல் சிகிச்சை. பயப்படும் பொருளையோ சூழலையோ, உங்கள் சம்மதத்தோடு, திட்டமிட்டு, படிப்படியாக, போதுமான நேரம் எதிர்கொள்வது. சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையின் உள்ளே இது பெரும்பாலும் அடங்கியிருக்கும். குறிப்பிட்ட பொருள் சார்ந்த போபியாவுக்கு இதற்கு இணையான ஆய்வு ஆதாரம் வேறு எந்த முறைக்கும் இல்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்ற சிறுவனின் பயத்தைப் போக்கிய விதத்தை வெளியிட்டார். அவன் பிடித்த உணவைச் சாப்பிடும்போது முயலை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். முயலோடு பயமின்றி விளையாடும் பிள்ளைகளையும் அவன் பார்க்கும்படி செய்தார். கடைசியில் பீட்டர் முயலைத் தொட்டு விளையாடினான். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஜோசப் வோல்பி 1958-இல் இதை ஒரு முறையான சிகிச்சையாக வகுத்தார். உடலைத் தளர்த்தும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து, பயத்தைக் கற்பனையில் படிப்படியாக எதிர்கொள்ள வைத்தார். இன்று கற்பனையைவிட நேரடியாக எதிர்கொள்வதற்கே முன்னுரிமை.

சிகிச்சை அறையில் உண்மையில் என்ன நடக்கும்?

நாய்ப் பயம் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் சந்திப்பில் நாயே இருக்காது. "நாய் கிட்டே வந்தால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். முதலில் "கடிக்கும்" என்பார். இன்னும் கேட்டால், "மேலே பாயும், நான் கத்துவேன், எல்லாரும் பார்ப்பார்கள், நெஞ்சு வெடித்துவிடும்" என்று வரும். இந்த எதிர்பார்ப்புகள்தான் சிகிச்சையின் மூலப்பொருள். ஒவ்வொன்றையும் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்வார்கள்.

பிறகு ஒரு படிவரிசை. எந்தச் சூழல் எவ்வளவு பயம் தரும் என்று 0 முதல் 100 வரை அவரே எண் கொடுப்பார். நாயின் படம் 20. குரைக்கும் சத்தத்தோடு வீடியோ 35. சாலையின் எதிர்ப்புறம் நாய் போவதைப் பார்த்து நிற்பது 50. கயிறு கட்டிய சாதுவான நாய் இருக்கும் அறையின் மறுகோடியில் நிற்பது 65. இரண்டடி தூரத்தில் நிற்பது 80. முதுகைத் தொடுவது 90. கயிற்றைத் தானே பிடித்து நடப்பது 95. எண்ணைக் கொடுப்பவர் பயப்படுகிறவர்தான், சிகிச்சையாளர் கிடையாது. இந்த வரிசைப்படிதான் ஏற வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

தொடும் கட்டம் வந்ததும் சிகிச்சையாளர் முதலில் தொட்டுக் காட்டுவார். அடுத்து, அவருடைய கைமேல் இவர் கை வைப்பார். பிறகு நாயின் வாய்ப்பக்கத்தைவிட்டுத் தள்ளி, முதுகின் பின்பகுதியில் இரண்டு விரல். பிறகு முழுக் கை. அந்த நேரத்தில் வியர்க்கும், தொண்டை வறளும், இதயம் அடித்துக்கொள்ளும். வெளியே ஓடாமல் அங்கேயே நிற்பதுதான் வேலை. முடிந்ததும், முன்பு எழுதியதை எடுத்துப் பார்ப்பார்கள். "பாயும் என்றீர்கள். பாய்ந்ததா? கத்துவீர்கள் என்றீர்கள். கத்தினீர்களா? நெஞ்சு என்ன ஆயிற்று?"

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பல இடங்களில் கோட்டை விடுவது இதில்தான். நாய்க்குப் பக்கத்தில் நிற்கும்போதே கண்ணை இறுக மூடிக்கொள்வது, கைகளைக் கட்டிக்கொள்வது, போனில் மூழ்குவது, சிகிச்சையாளரின் முதுகுக்குப் பின்னால் நிற்பது, மனதுக்குள் எண்களை எண்ணுவது. இவற்றைப் பாதுகாப்பு நடத்தைகள் என்பார்கள். அவை இருக்கும்வரை "அதனால்தான் தப்பித்தேன்" என்ற கணக்கு மனதில் அப்படியே நிற்கும். தொடக்கத்தில் ஒன்றிரண்டை விட்டுவைக்கலாம். போகப் போக ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும்.

பயத்தின் எண் பாதியாகக் குறையும்வரை நின்றே ஆக வேண்டும் என்று முன்பு சொல்லிக்கொடுத்தார்கள். மிஷெல் கிராஸ்க் முதலிய ஆய்வாளர்கள் அந்தப் பார்வையை மாற்றியிருக்கிறார்கள். எதிர்பார்த்த கேடு நடக்கவில்லை என்பதை மூளை பதிவுசெய்தால் போதும், அந்த நேரத்தில் பயம் குறையாவிட்டாலும் பரவாயில்லை என்பது அவர்கள் முடிவு. பழைய பய நினைவு அழிவதில்லை. அதற்குப் பக்கத்தில் புதிய நினைவு ஒன்று உருவாகி, பழையதை அடக்கி வைக்கிறது. அந்தப் புதிய நினைவு உறுதிப்பட வேண்டுமானால் ஒரே நாயோடு ஒரே அறையில் பழகினால் போதாது. பெரிய நாய், குட்டி நாய், பூங்கா, தெரு, காலை, இரவு, சிகிச்சையாளர் இல்லாமல் தனியாக என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

கட்டாயப்படுத்தி நாயை மேலே விடுவார்களோ?

இல்லை. அப்படி யாராவது செய்தால் அது சிகிச்சை இல்லை, எழுந்து வந்துவிடுங்கள். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பது ஒவ்வொரு அடியிலும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், நீங்கள் சரி என்ற பிறகே நடக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே 100-ஐ எதிர்கொள்ள வைக்கும் ஃபிளடிங் என்ற முறையும் உண்டு. அதுவும் சம்மதத்தோடுதான் நடக்கும். பலரால் தாங்க முடியாமல் பாதியில் விட்டுவிடுவதால் இப்போது அதிகம் பயன்படுத்துவதில்லை.

உண்மையிலேயே ஆபத்தான எதையும் செய்யச் சொல்ல மாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். யாருடையது என்று தெரியாத நாயையோ விஷப் பாம்பையோ தொடுவது எந்தச் சிகிச்சையிலும் இல்லை.

எத்தனை முறை போக வேண்டும்? ஒரே நாளில் சரியாகும் என்கிறார்களே?

குறிப்பிட்ட பொருள் சார்ந்த போபியாவுக்கு வாரம் ஒரு முறையாகச் சில வாரங்கள் என்பது வழக்கம். ஒரே அமர்வில் முடிக்கும் முறையும் உண்மையாகவே இருக்கிறது. சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-யோரான் உஸ்ட் 1989-இல் அதைப் பற்றி எழுதினார். முன்கூட்டியே ஒரு மதிப்பீடு, பிறகு அதிகபட்சம் 3 மணி நேரம் நீளும் ஒரே அமர்வு. சிலந்திப் பயத்துக்கு அதில் ஒரு வேலை கொடுப்பார்கள். கண்ணாடி டம்ளரைச் சிலந்தியின் மேல் கவிழ்த்து, அடியில் ஓர் அட்டையை நுழைத்து, தூக்கி வெளியே விட வேண்டும். முதலில் சிகிச்சையாளர், பிறகு இருவரும், பிறகு தனியாக. வீட்டில் சிலந்தி வந்தால் செய்யவேண்டிய காரியமும் அதுதான் என்பதால் பயிற்சி நேராக வாழ்க்கைக்குள் போகிறது.

7 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வு ஒன்று 2022-இல் வெளியானது. பல அமர்வுச் சிபிடிக்கு இந்த ஒரே அமர்வு முறை சளைத்ததில்லை என்று அதில் தெரிந்தது. ஆனால் அமர்வுக்குப் பிறகு வீட்டில் பயிற்சியைத் தொடர வேண்டும். சமூக அச்சத்துக்கும் அகோராபோபியாவுக்கும் இந்தக் குறுக்குவழி பொருந்தாது, மாதக்கணக்கில் ஆகும். மதிப்பீடே செய்யாமல் நூறு பேரை ஒரு மண்டபத்தில் உட்காரவைத்து "இன்றோடு பயம் ஒழியும்" என்று கைதட்ட வைக்கும் கூட்டங்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ரத்தத்தையோ ஊசியையோ பார்த்தால் மயங்கி விழுகிறேன். எனக்கும் இதே சிகிச்சைதானா?

உங்களுக்குக் கூடுதலாக ஒன்று வேண்டும். மற்றப் போபியாக்களில் ரத்த அழுத்தமும் இதயத்துடிப்பும் ஏறும். ஏறியிருக்கும்போது மயக்கம் வருவது அரிது. ரத்தம், ஊசி, காயம் சார்ந்த பயத்தில் மட்டும் முதலில் சட்டென்று ஏறி, பிறகு விழுந்துவிடும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து கண் இருட்டும். ரத்தப் பயம் உள்ளவர்களில் பெரும்பாலோர் ஒரு முறையாவது இப்படி மயங்கியிருப்பார்கள். இவர்களிடம் "உடம்பைத் தளர்த்துங்கள், மூச்சை மெல்ல விடுங்கள்" என்று மட்டும் சொன்னால் உதவாது. அழுத்தம் ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கிறது.

உஸ்ட்டும் அவருடன் பணியாற்றிய ஸ்டெர்னரும் 1987-இல் இதற்கென்றே ஒரு பயிற்சியை வெளியிட்டார்கள். உட்கார்ந்துகொள்ளுங்கள். கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்குங்கள். முகத்தில் வெதுவெதுப்புப் பரவும்வரை, சுமார் 10 முதல் 15 விநாடி அப்படியே வைத்திருங்கள். பிறகு இறுக்கத்தை விடுங்கள். முழுக்கத் தளர்ந்து சரிந்துவிடாமல் சாதாரண நிலைக்கு வந்தால் போதும். 20 முதல் 30 விநாடி கழித்து மறுபடி. இப்படி ஐந்து சுற்று. ஒரு வாரம் தினமும் சில வேளை செய்து கைவந்த பிறகு, ரத்தத்தின் படத்தையோ ஊசியையோ பார்த்துக்கொண்டே செய்து பழக வேண்டும். தலை கிறுகிறுக்கப்போகிறது என்ற முதல் அறிகுறியிலேயே இறுக்கத் தொடங்குவதுதான் சூட்சுமம். ஊசி போடும் கையை மட்டும் இறுக்காமல் விட்டுவிடுங்கள்.

உயர் ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். ஊசி போடுபவரிடம் "எனக்கு மயக்கம் வரும்" என்று முன்பே சொல்லிவிடுங்கள், படுக்கவைத்துப் போடுவார்கள். மரத்துப்போகச் செய்யும் களிம்பைக் கேட்டு வாங்கி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே தடவிக்கொள்ளலாம். இந்தப் பயத்தைத் தள்ளிப்போடாதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். ரத்தப் பரிசோதனையும் தடுப்பூசியும் அறுவை சிகிச்சையும் தள்ளிப்போய், கண்டுபிடிக்கக்கூடிய நோய் கண்டுபிடிக்கப்படாமல் போவது இதனால்தான்.

மாத்திரை சாப்பிட்டால் போதாதா?

எந்தப் போபியா என்பதைப் பொறுத்தது. குறிப்பிட்ட பொருள் சார்ந்த பயத்துக்கு மருந்து முதல் வழி இல்லை.

அல்பிரசோலம், டயசிபம், லோரசிபம் போன்ற பென்சோடயசிபைன் மாத்திரைகள் அரை மணி, ஒரு மணி நேரத்தில் பதற்றத்தை அடக்கும். அந்த வேகமே ஆபத்து. தொடர்ந்து எடுத்தால் உடம்பு அதைச் சார்ந்துவிடும், திடீரென நிறுத்தினால் பதற்றம் முன்பைவிடக் கூடும், வலிப்புகூட வரலாம். மதுவோடு சேர்ந்தால் உயிருக்கே உலை. எதிர்கொள்ளல் சிகிச்சைக்கும் இது இடையூறு. விமானப் பயம் உள்ள 28 பெண்களிடம் 1997-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. முதல் பயணத்தில் அல்பிரசோலம் எடுத்தவர்கள் அப்போது அமைதியாகத்தான் உணர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து மருந்தில்லாமல் பறந்தபோது, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட அதிகமாகப் பயந்தார்கள். மாத்திரைதான் காப்பாற்றியது என்று மூளை எழுதிக்கொண்டால் பறந்த அனுபவம் வீண்.

சமூக அச்சத்துக்கும் அகோராபோபியாவுக்கும் நிலைமை வேறு. செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம், பராக்ஸெட்டின் போன்ற, மனச்சோர்வுக்கும் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள் பலருக்கு நன்றாக உதவுகின்றன. தினமும் எடுக்க வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டலும் படபடப்பும் கூடலாம், அப்போதே பயந்து நிறுத்திவிடுபவர்கள் அதிகம். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர்ந்து, மருத்துவர் சொல்லும் வேகத்தில் குறைத்து நிறுத்த வேண்டும். இளம் வயதினருக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று கவனிக்க வேண்டும்.

மேடையில் கை நடுக்கம், குரல் நடுக்கம் மட்டும்தான் தொல்லை என்றால் பிராபிரனலால் என்ற மாத்திரை சிலருக்குப் பயன்படும். அது உடலின் நடுக்கத்தைக் குறைக்கும், உள்ளே இருக்கும் பயத்தைத் தொடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் எடுக்கவே கூடாது. நண்பரிடம் கடன் வாங்கிச் சாப்பிடும் மாத்திரை இல்லை இது.

அடுத்த வாரம் எம்ஆர்ஐ ஸ்கேன், அந்தக் குறுகிய குழாய்க்குள் படுக்கப் பயம். இப்போது சிகிச்சை தொடங்க நேரமில்லை.

அப்படிப்பட்ட ஒரே ஒரு தேவைக்கு, மருத்துவர் பார்த்துக் கொடுக்கும் மயக்க மருந்தோ ஒரு வேளை மாத்திரையோ நியாயமானது. தயங்காமல் கேளுங்கள். பல் சிகிச்சைக்கும் இதே பதில்தான். பதற்றத்தைத் தணிக்கும் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவின் உதவியோடு பல்லைச் சரிசெய்துகொள்ளலாம். பல் மருத்துவரிடம் "இடது கையைத் தூக்கினால் நிறுத்திவிடுங்கள்" என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுக்கொள்வது எளிய வழி, வியக்கத்தக்க அளவுக்கு உதவும். ஸ்கேனும் பல்லும் முடிந்த பிறகும் பயம் அதே இடத்தில்தான் இருக்கும். அடுத்த முறைக்குள் முறையான சிகிச்சையைத் தொடங்கிவிடுங்கள்.

விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடி போட்டுச் சிகிச்சை தருகிறார்களாமே?

ஆம், பலன் தருகிறது. உயரப் பயத்துக்கு இதைப் பயன்படுத்திய ஆய்வு 1995-லேயே வந்துவிட்டது. 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் உயரப் பயம் உள்ள 100 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு விஆர் பயிற்சி கொடுத்தார்கள். சிகிச்சையாளருக்குப் பதில் கண்ணாடிக்குள் தோன்றும் ஓர் உருவம்தான் வழிகாட்டியது. அவர்களுடைய பயம் கணிசமாகக் குறைந்தது. விமானம், உயரம், இடிமழை போல நினைத்தபோது ஏற்பாடு செய்ய முடியாதவற்றுக்கு இது மிகவும் பொருத்தம். கடைசியில் நிஜ மாடிக்கு ஏறித்தான் ஆக வேண்டும்.

செயலிகளைப் பொறுத்தவரை, எதிர்கொள்ளல் பயிற்சி இருக்கிறதா என்று பாருங்கள். இசையும் மூச்சுப் பயிற்சியும் மட்டும் இருந்தால் ஆறுதல் கிடைக்கும், போபியா போகாது.

ஹிப்னாடிசம், ஈஎம்டிஆர், தியானம்?

ஹிப்னாடிசம் தனியாகப் போபியாவைத் தீர்க்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. ஈஎம்டிஆர், அதாவது நினைவுகளை மனதில் கொண்டுவந்து கண்களை இருபுறமும் அசைக்க வைக்கும் முறை, கொடிய அனுபவங்களுக்குப் பின் வரும் மன அதிர்ச்சிக்கு நல்ல சிகிச்சை. விபத்துக்குப் பிறகு வண்டியில் ஏறவே முடியவில்லை என்பது போன்ற நிலையில் அதைப் பற்றிக் கேட்கலாம். தியானமும் மூச்சுப் பயிற்சியும் உடம்புக்கு நல்லவை, தாராளமாகச் செய்யுங்கள். பயம் வரும் இடத்திலிருந்து தப்பிக்கும் வழியாக மட்டும் அவற்றை ஆக்கிவிடாதீர்கள்.

நாலு பேர் முன்னால் பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கூச்ச சுபாவம் என்று விட்டுவிடலாமா?

கூச்சத்தோடு வாழலாம். கூச்சத்தால் நேர்காணலுக்குப் போகாமல், வகுப்பில் வாய் திறக்காமல், கல்யாண வீட்டில் சாப்பிடாமல் திரும்பினால் விடக்கூடாது. சமூக அச்சத்துக்குத் தனிநபர் சிபிடியை முதலில் கொடுக்க வேண்டும் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013-இல் வழிகாட்டியது. ஏறத்தாழ 4 மாதம் நீளும் சிகிச்சை அது.

அதில் ஒரு பயிற்சி எனக்கு மிகவும் பிடிக்கும். ஐந்து நிமிடம் பேசச் சொல்லி வீடியோ எடுப்பார்கள். பார்ப்பதற்கு முன், "நான் எப்படித் தெரிவேன்?" என்று அவரையே விவரிக்கச் சொல்வார்கள். முகம் சிவந்து, கை உதறி, உளறிக்கொட்டும் ஒருவரை விவரிப்பார். பிறகு வீடியோவைப் போடுவார்கள். கொஞ்சம் மெதுவாகப் பேசும் சாதாரண மனிதர் ஒருவர் திரையில் தெரிவார். உள்ளே உணர்வது வெளியே அப்படியே தெரிவதில்லை என்பதை நூறு முறை சொல்வதைவிட இது ஆழமாக இறங்கும். பிறகு கவனத்தைத் தன்மீது வைக்காமல் எதிரிலிருப்பவர்மீது வைக்கப் பழக்குவார்கள். வேண்டுமென்றே ஒரு சொல்லைத் தடுமாறிச் சொல்லிப் பார்த்து, யாராவது சிரிக்கிறார்களா என்று சோதிப்பார்கள்.

வெளியே போனால் நெஞ்சு அடைக்கிறது, வீட்டைவிட்டே கிளம்ப முடியவில்லை.

அகோராபோபியாவாக இருக்கலாம். இதில் இடத்தைவிட உடம்பின் உணர்வுகளைக் கண்டுதான் பயம் அதிகம். அதனால் அந்த உணர்வுகளையே எதிர்கொள்ள வைப்பார்கள். நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடிப் படபடப்பை வரவழைப்பது, சுழல் நாற்காலியில் சுற்றித் தலைசுற்றலை வரவழைப்பது, மெல்லிய உறிஞ்சு குழாய் வழியாக மூச்சுவிடுவது. பீதி பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானே இறங்கிவிடும் என்பதை உடம்பே கற்றுக்கொள்ளும். பிறகு வாசல், தெருமுனை, ஒரு நிறுத்தம் பேருந்தில் என்று விரியும். துணைக்கு வருபவரும் எப்போதும் கையிலிருக்கும் தண்ணீர்ப் பாட்டிலும் மெல்ல விலக வேண்டும்.

என் பிள்ளை இருட்டைக் கண்டு அழுகிறது. சிகிச்சை வேண்டுமா?

சிறு வயதில் இருட்டு, சத்தம், அந்நியர் பயம் இயல்பு, பெரும்பாலும் தானே மறையும். மாதக்கணக்கில் நீடித்து, தூக்கத்தையோ பள்ளியையோ கெடுத்தால் கூட்டிப் போங்கள்.

பெற்றோர் அன்பினால் செய்யும் ஒரு காரியம் பயத்தை வளர்க்கிறது. பிள்ளை கேட்குமுன்பே பயத்தின் பாதையைச் சுத்தம் செய்து வைப்பது: நாய் இருக்கும் தெருவைச் சுற்றிப் போவது, விளக்கு எரியவிட்டு விடியும்வரை பக்கத்திலேயே படுப்பது. ஒரே நாளில் இதை நிறுத்தினால் பிள்ளை துவண்டுவிடும். "உனக்குப் பயமாக இருக்கிறது என்று தெரியும். உன்னால் முடியும் என்றும் தெரியும்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லி, இன்று கதவருகே உட்காருவது, நாளை கதவுக்கு வெளியே என்று நகருங்கள். பயத்தோடு நிற்கும் நிமிடங்களுக்காகப் பாராட்டுங்கள், அழாததற்காக அல்ல.

வீட்டில் மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும்?

முதலில் கேலியை நிறுத்துங்கள். ரப்பர் பல்லியைத் தோளில் போட்டுவிட்டுச் சிரிப்பதைப் "பயம் தெளியட்டும்" என்று நியாயப்படுத்துபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. சம்மதமில்லாத அதிர்ச்சி பயத்தை இன்னும் ஆழமாக்கும், உங்கள்மேல் இருக்கும் நம்பிக்கையையும் கெடுக்கும். சிகிச்சை தொடங்கிய பிறகு, வீட்டுப் பயிற்சிக்குத் துணை நில்லுங்கள். எந்தப் படியில் இருக்கிறார் என்று அவரிடமே கேளுங்கள்.

யாரையும் பார்க்காமல் நானே செய்யலாமா?

பயம் ஒரே பொருளைப் பற்றியது, மிதமானது, மயக்கம் வராது என்றால் முயலலாம். மேலே சொன்னபடி படிவரிசை எழுதி, 30 அளவில் தொடங்குங்கள். அவசரத்துக்கு அரை நிமிடம் பார்த்துவிட்டு ஓடுவதைவிட, அரை மணி நேரம் ஒதுக்கி நிற்பது மேல். வாரத்தில் பல நாள் செய்யுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் ஓர் அடிகூட நகரவில்லை என்றால் ஆளைப் பாருங்கள்.

கடும் மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், மதுப் பழக்கம், பழைய வன்முறையின் நினைவுகள் இருந்தால் தனியாக இறங்க வேண்டாம். திடீர்ப் படபடப்பு புதிதாக வந்திருந்தால் தைராய்டையும் இதயத்தையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

சரியான பிறகு பயம் திரும்பி வருமா?

வரலாம். நீண்ட நாள் அந்தச் சூழலையே சந்திக்காவிட்டாலோ, வேறு கவலையில் மனம் நொந்திருந்தாலோ பழைய பயம் தலைகாட்டும். சிகிச்சை தோற்றுவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. இரண்டு படி கீழே இறங்கி மறுபடி ஏறுங்கள், இரண்டாம் முறை வேகமாக நடக்கும். விமானப் பயம் போனவர் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் பறப்பது நல்லது. நாய்ப் பயம் போனவர் வழியில் தெரிந்தவரின் நாயைப் பார்த்தால் நின்று தடவிவிட்டுப் போகலாம்.

யாரிடம் போவது? என்ன கேட்பது?

சிபிடி பயின்ற மருத்துவ உளவியலாளரிடம் போகலாம். மருந்தும் தேவைப்படலாம், அல்லது வேறு மனநலச் சிக்கலும் இருக்கிறது என்றால் மனநல மருத்துவரிடம் தொடங்குங்கள். பட்டத்தைவிட முக்கியமான ஒரு கேள்வி இருக்கிறது. "எனக்கு எக்ஸ்போஷர் செய்வீர்களா, அதை எப்படிச் செய்வீர்கள்?" என்று முதல் நாளே கேளுங்கள். தேவைப்பட்டால் அறையைவிட்டு வெளியே, லிஃப்ட்டுக்கோ பூங்காவுக்கோ உங்களோடு வருவாரா என்றும் கேளுங்கள். "பேசிப் பேசியே சரியாக்கிவிடலாம்" என்றோ "ஒரு வருடம் பார்ப்போம்" என்றோ மட்டும் பதில் வந்தால் வேறொருவரைத் தேடலாம்.

போகும்போது ஒரு தாளில் மூன்று விஷயங்கள் எழுதிக்கொண்டு போங்கள்: எதைக் கண்டு பயம், அதனால் எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள், பயம் போனால் முதலில் என்ன செய்ய ஆசை. எடுத்துக்கொள்ளும் மருந்துகளின் பெயர்களையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே போய்ப் பேச வாய் வராவிட்டால் தாளை நீட்டினால் போதும், மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.